பேச்சு வார்த்தை இல்லை

1

நோர்வேயில் நான் பஸ் ஓட்டுகிற பேர்கன் நகரத்தில் தேர்தல் வந்தால், ஊர் நடுவில் உள்ள சதுக்கத்தில் கட்சிகள் வரிசையாகச் சின்ன மரக்கூடுகள் போட்டுவிடும். இடதுசாரி, வலதுசாரி, விவசாயிகள் கட்சி, மரம் மட்டையைக் காப்பாற்றுகிற கட்சி எல்லாம் தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்கும். போகிறவர் வருகிறவருக்கெல்லாம் கோப்பி கொடுப்பார்கள். வாங்கிக் குடித்துவிட்டு யாருக்கு வேண்டுமானாலும் வாக்குப் போடலாம், யாரும் கேட்பதில்லை.

போன தேர்தலின்போது வேலை முடிந்து அந்த வழியாக வந்தேன். ஒரு கூட்டில் கோப்பி தீர்ந்துபோயிற்று. அங்கே நின்ற அம்மா வெறும் பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு அடுத்த கூட்டுக்குப் போனார். அது நேர் எதிர்க்கட்சியின் கூடு. முந்தின நாள்தான் அந்த இரண்டு கட்சித் தலைவர்களும் தொலைக்காட்சியில் ஒருவரையொருவர் கிழித்துத் தோரணம் கட்டியிருந்தார்கள். எதிர்க்கட்சி ஆள் பிளாஸ்க்கை வாங்கி நிரப்பிக் கொடுத்தார். மழையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிக்கொண்டார்கள். நான் குடையைப் பிடித்தபடி வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

இலங்கை மலையகத்தில், கொட்டகலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒருவர் இப்படிக் கோப்பி வாங்கியிருந்தால், பொழுது சாய்வதற்குள் 'அவன் கட்சி மாறிட்டான்' என்ற செய்தி மேட்டு லயத்து வரிசை வீடுகள் வரைக்கும் போயிருக்கும். மறுநாள் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக் களத்தில் அவரோடு யாரும் பக்கத்தில் நிற்கமாட்டார்கள்.

வீட்டுக்கு வந்து இதை ஒரு வேடிக்கையாகச் சொன்னேன். மனைவி சிரித்தாள். மகள் ஆரணி சிரிக்கவில்லை.

"அப்பா, நான் படிக்கிறதே அதைத்தான்" என்றாள்.

2

ஆரணி இங்கே பல்கலைக்கழகத்தில் அரசியல் ஆராய்ச்சி செய்கிறாள். கட்சிமேல் பற்று வைப்பது எந்த இடத்தில் அடுத்த கட்சிக்காரன்மேல் வன்மமாக மாறுகிறது என்பதுதான் அவள் பொருள். அடி, உதை, கல்லெறி மட்டும் அல்ல. பட்டப்பெயர் வைப்பது, மிரட்டுவது, தள்ளி வைப்பது, எல்லாவற்றையும் அவள் கணக்கில் எடுக்கிறாள். பல நாடுகளில் ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள். 'மற்றக் கட்சிக்காரர் உங்கள் பக்கத்து வீட்டில் இருந்தால் சம்மதமா?' 'அவர்கள் வீட்டில் உங்கள் பிள்ளையைக் கட்டிக்கொடுப்பீர்களா?' இந்த மாதிரி. மனுசர் புத்தி எங்கே கோணிக்கொள்கிறது என்று கண்டுபிடிக்க மனிதர்கள் எவ்வளவு பாடுபடுகிறார்கள் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பெருமையாகவும் இருந்தது.

இலங்கைக்குக் கேள்விகளைக் கொண்டுபோவதற்கு முன் சிலரிடம் கேட்டுச் சரிபார்க்க வேண்டும் என்றாள். "உங்கட தோட்டத்து ஆக்களிட்டக் கேட்பமே?"

'உங்கட தோட்டம்' என்கிறாள் பாருங்கள். அது அவளுடைய தோட்டம் இல்லை. அவள் தமிழும் என் தமிழ் இல்லை. என் மனைவி யாழ்ப்பாணத்துக்காரி. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்து ஆசிரியர்களும் அந்தப் பக்கம்தான். ஆகவே பிள்ளை 'கதைக்கிறன், வேணும், ஏலாது' என்று வளர்ந்தாள். 'பேசுறேன், வேணும்ங்க, முடியாது' என்று நான் ஒருவன் வீட்டுக்குள் தனிக்கட்சியாக இருக்கிறேன். ஊருக்குத் தொலைபேசியில் கூப்பிட்டால் என் அண்ணன் சிரிப்பார்: "தம்பி, நம்ம புள்ள ஆஸ்பத்திரிக்கு வர்ற யாழ்ப்பாணத்து டாக்டரம்மா மாதிரி பேசுது."

இனி அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அண்ணன் பெருமாள் தோட்டத் தலைவர். அதாவது எங்கள் தோட்டத்தில் ஒரு தொழிற்சங்கத்துக்குத் தலைவர். வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வரி: மலையகத்தில் சங்கம் வேறு, கட்சி வேறு அல்ல. எந்தச் சங்கமோ அந்தக் கட்சி. அண்ணனுடைய தங்கை, எனக்கு அக்கா, லெச்சுமி. அக்காவின் கணவர் கதிரேசன் மச்சான். இரண்டு குடும்பமும் ஒரே லயத்தில் பக்கத்துப் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கின்றன. நடுவில் ஒரே ஒரு சுவர்.

சில வருடங்களுக்கு முன் சங்கம் உடைந்தது. அண்ணன் பழைய சங்கத்திலேயே இருந்துவிட்டார். மச்சான் புதிய சங்கத்தோடு போனார். அடுத்து வந்த தேர்தலில் புதியவர்கள் வென்றார்கள். ஊர்வலம் வந்தது, வெடி போட்டார்கள், அண்ணன் வாசலில் நின்று வாய்க்கு வந்ததையெல்லாம் கத்தினார்கள். கூட்டத்தில் மச்சானும் நின்றார். அவர் கத்தவில்லை. கத்தாதே என்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு காற்று மாறியது. பழையவர்கள் கை ஓங்கியபோது லயத்துக் கூரைக்குத் தகரம் வந்தது. யாருக்கு என்று தலைவர்தான் பேர் கொடுக்க வேண்டும். அண்ணன் கொடுத்த பேர்களில் மச்சானின் பேர் இல்லை. இன்றைக்கும் எங்கள் லயத்தைத் தூரத்திலிருந்து பார்த்தால், ஒரே நீளக் கூரையில் பாதி வெள்ளையாக மின்னும், பாதி துருப்பிடித்துச் சிவந்து கிடக்கும். எந்தக் காம்பரா எந்தக் கட்சி என்று ரயிலில் போகிறவர்கூடச் சொல்லிவிடலாம்.

3

ஆரணி கேட்டபோதே எனக்குள் ஒரு ஆசை எழுந்தது. காரணம், அக்கா மகள் தர்ஷினிக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள்.

எங்கள் பக்கத்தில் தாய்மாமன் சீர் இல்லாமல் பெண் மணவறையில் உட்கார மாட்டாள். பட்டு எடுத்து, தாம்பாளத்தில் வைத்து, மாமன் தன் கையால் கொடுக்க வேண்டும், மாலை போட வேண்டும். அண்ணன் பக்கத்துக் காம்பராவில் குத்துக்கல்லு மாதிரி இருக்கிறார். ஆனால் அவர் வருவார் என்று அக்காவுக்கு நம்பிக்கை இல்லை.

"நீ வந்து செஞ்சுருடா தம்பி" என்று தொலைபேசியில் கேட்டாள். "நீயும் மாமன்தானே."

"அண்ணன் இருக்கப்ப நான் எப்படிக்கா?"

"இருக்காரு. இருந்து என்ன? புள்ள சடங்குக்கே வரல."

நான் லீவு கேட்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். லீவு கிடைக்கும். அது இல்லை பிரச்சினை. மூத்த மாமன் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்க, இளைய மாமன் விமானத்தில் வந்திறங்கித் தாம்பாளத்தைத் தூக்கினால், அந்த அவமானம் அண்ணன் சாகும்வரை போகாது. நான் தூக்காவிட்டால் அந்தப் பிள்ளை தாய்மாமன் இல்லாதவளாக மணவறை ஏறும். 

அண்ணனும் மச்சானும் ஒரே கேள்விகளுக்குப் பதில் சொன்னால், எங்கேயாவது ஒரு நூல் பிடிபடும் என்று நினைத்தேன். இரண்டு பேரும் உடனே ஒத்துக்கொண்டார்கள். நோர்வேயிலிருந்து பிள்ளை கேட்கிறது, மறுக்க முடியுமா?

ஆனால் இந்த நாட்டில் சும்மா பேசிவிட முடியாது. பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழு அனுமதி கொடுக்க வேண்டும். எங்கள் ஊர்ப் பேச்சை அவளுக்கு மொழிபெயர்க்க உட்காரும் நான், கேட்டதை வெளியே சொல்லமாட்டேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். சொந்த அண்ணன் பேசுவதைக் கேட்க ஒரு கையெழுத்து. ஆரணி முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு பேனாவை நீட்டினாள். நானும் அரசாங்க உத்தியோகத்தர் முன்னால் நிற்பதுபோல் பவ்வியமாகப் போட்டேன்.

4

முதலில் அண்ணன். தொலைபேசியை மேசைமேல் எதிலோ சாய்த்து வைத்து, வெள்ளைச் சட்டை போட்டு, பொத்தானைக் கழுத்துவரை பூட்டி உட்கார்ந்திருந்தார். தொழில் அலுவலகத்துக்குப் போகும் கோலம்.

"மற்றக் கட்சிக்காரர் உங்கட பக்கத்து வீட்டில இருந்தா உங்களுக்குச் சம்மதமோ, பெரியப்பா?"

"இருக்காங்களேம்மா. நம்ம சம்மதத்தக் கேட்டுக்கிட்டா இருக்காங்க?"

"மற்றக் கட்சிக்காரர் வீட்டில உங்கட பிள்ளையைக் கட்டிக் குடுப்பீங்களோ?"

"தங்கச்சியவே குடுத்துருக்கேன்."

ஆரணி உதட்டைக் கடித்துக்கொண்டாள். பெல்ஜியத்திலும் பிரேசிலிலும் இப்படிப் பதில் வராது போலிருக்கிறது.

"கட்சி காரணமா ஆராவது உங்கள அடிச்சவையோ? மிரட்டினவையோ?"

"சே, அதெல்லாம் இல்ல."

"அப்ப இப்ப அவையோட எப்பிடி இருக்கிறீங்கள்?"

அண்ணன் தொண்டையைச் செருமினார். "பேச்சு வார்த்தை இல்ல."

இந்த இடத்தில்தான் பிள்ளை சறுக்கினாள். எங்களுக்குப் பேச்சு வார்த்தை இல்லை என்றால் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, நல்லது கெட்டதுக்குப் போவதில்லை என்று அர்த்தம். அவளுடைய தமிழில் அதற்கு 'கதைக்கிறேல்ல' என்பார்கள். 'பேச்சுவார்த்தை' என்ற சொல்லை அவள் இலங்கைச் சமாதானச் செய்திகளில் மட்டும்தான் கேட்டிருக்கிறாள். மேசை போட்டு, இரண்டு தரப்பும் எதிரெதிரே உட்கார்ந்து, நடுவில் மூன்றாம் ஆளாக நோர்வேக்காரர் ஒருவர். நோர்வேயில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைக்கு அந்தச் சொல் வேறு எப்படித் தெரியும்?

அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, மிகுந்த அக்கறையோடு கேட்டாள்: "ஏன் இன்னும் பேச்சுவார்த்தை துவங்கேல்ல? ஆர் முதல்ல கூப்பிட வேணும்?"

நான் பதறிப்போய் வாயைத் திறந்தேன். திரையில் அண்ணன் கையைத் தூக்கி என்னை அடக்கினார். அந்தச் சொல் அவருடைய தொழில். தோட்டத்தை நடத்துகிற துரையோடும், ஹட்டனில் தொழில் அதிகாரியோடும், எத்தனையோ பேச்சுவார்த்தைக்குப் போய் வந்தவர். கேள்வி தவறென்று அவருக்குத் தோன்றவே இல்லை. நெற்றியைத் தடவிக்கொண்டு யோசித்தார்.

"வழக்கமா, தேவை யாருக்கோ அவுங்கதாம்மா கூப்பிடணும். கொழுந்து வீணாப் போகுதுன்னா துரை கூப்பிடுவாரு. நமக்குச் சம்பளப் பிரச்சினைன்னா நாம கேட்டுப் போவோம்."

"இப்ப ஆருக்குத் தேவை?"

அண்ணன் கழுத்துப் பொத்தானைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். 

"ரெண்டு பக்கத்துக்கும்தான்" என்றார். "கூப்பிட்டா போகாம இருக்க மாட்டேன். அடுத்தத கேளும்மா."

5

இணைப்பை முடித்த பிறகு அர்த்தத்தைச் சொன்னேன். ஆரணி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஐயோ. பாவம் பெரியப்பா. என்ன நினைச்சிருப்பார்?"

"அவரு ஒண்ணும் நினைக்கல. பதில் சொன்னாரே, கேட்டியில்ல? கூப்பிட்டா போவாராம். இத இப்பவே அத்தைகிட்டச் சொல்லிறலாம்."

"இல்லை அப்பா."

"என்ன இல்லை?"

"ஒராள் சொன்னதை மற்ற ஆளுக்குச் சொல்லக்கூடாது. நீங்களும் சொல்லக்கூடாது. கையெழுத்து வச்சிருக்கிறீங்கள்."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு கல்யாணம் நிற்கிறது, ஒரு பிள்ளை மாமன் இல்லாமல் மணவறை ஏறப்போகிறாள், இவள் கையெழுத்தைப் பற்றிப் பேசுகிறாள். உன் அத்தையைவிட உன் குழு பெரிதா என்று கேட்டுவிட்டேன். சத்தமாகத்தான் கேட்டேன்.

அவள் அழவில்லை. மெதுவாகச் சொன்னாள்: "பெரியப்பா தெரிஞ்ச ஆக்கள் ஒருத்தரிட்டயும் சொல்லாததை எனக்குச் சொன்னவர். நான் சொல்லமாட்டன் எண்டு நம்பித்தானே சொன்னவர்?"

 தோட்டத்தில் ஒருவர் வாயிலிருந்து வந்தது அடுத்தவர் காதுக்குப் போய்ப் போய்த்தான் பாதிச் சண்டை வளர்ந்தது என்பது எனக்குத் தெரியாதா? வாயை மூடிக்கொண்டேன். இரண்டு நாள் வீட்டில் எங்களுக்குள்ளேயே பேச்சு வார்த்தை இல்லை. மனைவி நடுவில் நின்று, சாப்பிட வரச் சொல் என்று தூது போனாள்.

பிறகு ஆரணியே வந்தாள். மேற்பார்க்கும் பேராசிரியரிடம் தன் தவறைச் சொல்லியிருக்கிறாள். ஒருவரிடம் கேட்ட கேள்வியை எல்லாரிடமும் அதே சொற்களில் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் நேர்காணலைத் தள்ள வேண்டும் என்றாராம் அவர். "நான் கேட்கப் போறன் அப்பா. மாமாவிட்டயும் அதே கேள்வி." சொல்லும்போது கண்ணில் ஒரு குறும்பு எட்டிப் பார்த்தது. சட்டத்துக்குள் நின்றுகொண்டு செய்யக்கூடியதைக் கண்டுபிடித்துவிட்டாள். தலைவர் பரம்பரை வேறு எப்படி இருக்கும்?

6

ஞாயிற்றுக்கிழமை மச்சான் உட்கார்ந்தார். அங்கே நல்ல மழை. தொலைபேசியில் மழைச் சத்தம் பேச்சுக்குச் சமமாகக் கேட்டது. பின்னால் அக்கா குனிந்தும் நிமிர்ந்தும் தரையில் ஏதோ வைத்துக்கொண்டிருந்தாள்.

மச்சான் அண்ணனைப் போலப் பேச்சுக்காரர் இல்லை. கேட்டதற்கு ஒரு வார்த்தை, அதோடு சரி. பக்கத்து வீடு? "பரவால்லம்மா." கட்டிக்கொடுப்பது? "புள்ளைங்க இஷ்டம்." அடி, மிரட்டல்? "இல்ல." இப்போது எப்படி இருக்கிறீர்கள்? "இருக்கோம்."

ஆரணி என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, எழுத்துப் பிசகாமல் கேட்டாள்: "ஏன் இன்னும் பேச்சுவார்த்தை துவங்கேல்ல? ஆர் முதல்ல கூப்பிட வேணும்?"

மச்சான் தரையைப் பார்த்தார். மழை கொட்டிக்கொண்டே இருந்தது. வெட்டுப்பட்டுவிட்டது என்று நினைத்து நான் தொலைபேசியைத் தட்டினேன்.

"நாங்கதான் கூப்பிடணும்மா" என்றார் கடைசியில். "பொண்ணு வீடு நாங்க. மாமனுக்குத்தான் மொதப் பத்திரிகை வைக்கணும். அச்சடிச்சு வந்து சாமி படத்துக்கிட்டத்தான் கெடக்கு. ஆனா எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறது? அன்னைக்கு அவரு வாசல்ல கத்துனாங்க. நான் வாய மூடிக்கிட்டு நின்னேன். கத்துனவன அவரு மன்னிச்சிருவாரு. என்னைய மன்னிக்க மாட்டாரு."

அப்போது ஒரு குரல் கேட்டது.

"அப்படின்னு யாரு சொன்னா?"

அக்கா நிமிர்ந்தாள். மச்சான் மேலே பார்த்தார். ஆரணி என் கையைப் பிடித்தாள். "அப்பா, ஆர் கதைக்கிறது? அறையில வேற ஆக்கள் இருக்கினமோ?"

அறையில் யாரும் இல்லை. லயத்துச் சுவர் கூரையைத் தொடாது. ஆள் உயரத்துக்கு மேலே ஒரு முழ இடைவெளி விட்டு நின்றுவிடும். ஒரு காம்பராவில் இருமினால் அடுத்த காம்பராவில் தண்ணீர் வேண்டுமா என்று கேட்பார்கள். அங்கேயே பிறந்து வளர்ந்தவன் நான். அவள் குழுவின் தாளில் 'பிறர் காதில் விழாத தனி அறையா?' என்று கேட்டிருந்ததற்கு, வெளிநாட்டுப் புத்தியில் 'ஆம்' என்று எழுதிக் கொடுத்திருந்தேன். அண்ணன் பேசிய அன்று மச்சான் வீட்டில் எல்லாரும் வேலைக்குப் போயிருந்ததால் அது வெளிப்படவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அண்ணன் பேசினார். கூட்டத்தில் பேசுகிற குரல் இல்லை அது.

"மச்சான் நின்னத மட்டும் சொல்றாரு. நான் செஞ்சத யாரு சொல்றது? தகரத்துக்குப் பேர் குடுத்தவன் நான்." கொஞ்சம் நிறுத்தினார். "மழை வந்தா, லெச்சுமி சட்டி வைக்கிற சத்தம் எனக்கு இங்க கேக்கும். ஒழுகுற எடத்துக்கெல்லாம் வச்சுக்கிட்டே போகும். ஒவ்வொரு மழைக்கும் கேட்டுக்கிட்டுத்தான் படுத்துருக்கேன்."

அப்போதுதான் கவனித்தேன். அக்கா தரையில் வைத்துக்கொண்டிருந்தது சட்டிகள். கையில் ஒன்றைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். என்னால் திரையைப் பார்க்க முடியவில்லை, கண்ணை மறைத்துவிட்டது. பஸ்ஸில் குடிகாரன் வந்து காறித் துப்பினாலும் கலங்காதவன் நான்.

மச்சான் எழுந்தார். "கொஞ்சம் இரும்மா" என்று ஆரணியிடம் மரியாதையாகச் சொன்னார். தாம்பாளம் தேடினார்கள், அவசரத்துக்கு அகப்படவில்லை. அக்கா கையிலிருந்த சட்டியைக் கீழே வைத்துவிட்டு, சோற்றுத் தட்டு ஒன்றைச் சேலையில் துடைத்து, வெற்றிலை பாக்கும் பத்திரிகையும் வைத்துக் கொடுத்தாள். அவர் மேல்சட்டையைக்கூடப் போடாமல் தட்டைத் தோளோடு அணைத்துக்கொண்டு மழையில் இறங்கினார். பக்கத்துக் காம்பராவுக்குப் போக நாலு எட்டு வைத்தால் போதும். சுவருக்கு மேலாக எங்களுக்கு எல்லாம் கேட்டது. கதவு திறந்தது. நாற்காலி இழுபட்டது.

"நனைஞ்சு போயிட்டீங்களே. உள்ள வாங்க மச்சான்."

ஆரணி ஒலிவாங்கியை அணைத்துவிட்டு மூக்கை உறிஞ்சினாள். "இந்த ரெண்டு நேர்காணலையும் நான் பாவிக்கேலாது அப்பா. ஒராள் கதைச்சதை மற்ற ஆள் கேட்டிட்டார். எல்லாம் பழுதாப் போச்சு." சொல்லிக்கொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். ஆராய்ச்சிக்காரி இப்படி ஒரு நட்டத்துக்குச் சந்தோசப்பட்டதை அவள் பேராசிரியரிடம் யாரும் சொல்லிவிடாதீர்கள். நீங்கள் வாசிக்கிற இதை எழுத நாலு பேரும் சம்மதம் தந்தார்கள். அண்ணன் மட்டும், பேரை மாத்திப் போடு, சங்கத்துல சிரிப்பாங்க என்றார். மாற்றித்தான் போட்டிருக்கிறேன்.

நாங்கள் இணைப்பைத் துண்டிக்காமல் இருந்தோம். அந்தப் பக்கம் இரண்டு ஆண்கள் பேசுவது தாழ்ந்த குரலில் கேட்டது. என்ன பேசினார்கள் என்று மழையில் புரியவில்லை. அக்கா தொலைபேசிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். 

"தம்பி, லீவு கேட்டுட்டியா?"

"கேட்டுருக்கேன்க்கா."

"வா. சீர் செய்ய வர வேணாம்" என்றாள். "சும்மா வா. வந்து ஒரு வாய் சாப்புட்டுட்டுப் போ."